தாமல் ஏரியில் கட்டிய நூல்

எனக்குப் பிறகு கல்லூரியில் மாதிரி விமானப் பயிற்றுநராக வந்திருப்பவர் சென்ற மாதம் என்னைப் பயிற்சி அறைக்கு அழைத்திருந்தார். அங்கே இப்போது ஒரு கணினி இருக்கிறது. திரையில் விமானம் பறக்கிறது. மாணவர்கள் கையில் உண்மையான ரேடியோப் பெட்டியைப் போலவே ஒன்றை வைத்துக்கொண்டு அதை ஓட்டுகிறார்கள். தரையில் மோதினால் ஒரு பொத்தானைத் தட்டுகிறார்கள், விமானம் முழுசாக மறுபடி வந்து நிற்கிறது. ஒவ்வொரு வித்தை முடிந்ததும் திரையின் மூலையில் மதிப்பெண் வருகிறது.

ஒரு மாணவிக்கு ஏழரை வந்தது. "இது நல்ல மார்க்கா சார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். மற்றவர்களுக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். அவள் ஒரு பட்டியலைத் திரையில் வரவழைத்துக் காட்டினாள். முன்பின் அறியாத ஊர்க்காரர்களின் மதிப்பெண்களெல்லாம் அதில் இருந்தன. பார்த்துவிட்டு, "நல்ல மார்க்தான்மா" என்றேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் எப்படிக் கற்றோம் என்று ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி பயிற்றுநர் கேட்டுக்கொண்டார். எழுதுகிறேன். இது வெற்றிக் கதை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே ஜைன விவசாயக் குடும்பம் எங்களுடையது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மரவேலை படித்தேன். கல்லூரியில் மாணவர்களுக்கு விமானப் பயிற்சிப் பிரிவு தொடங்கியபோது, மெல்லிய மரத்தைச் சீவத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். எஞ்சின் இல்லாத கிளைடர் கட்டுவது, எஞ்சின் பொருத்திய விமானத்தை இரண்டு கம்பிகளில் பிடித்துத் தன்னைச் சுற்றிப் பறக்கவிடுவது, இவற்றைச் சென்னையில் ஒரு பயிற்சி முகாமில் கற்று வந்து சொல்லிக்கொடுத்தேன். முதல் சில ஆண்டுகள் அப்படியே போயின. செவிலிமேட்டில் வீடு எடுத்தேன், திருமணம் ஆயிற்று.

பிரிவின் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் கிருபாகரன். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விமானம் ஓட்டியவர் அல்ல. பழுது பார்த்த விமானங்களைச் சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் வேலையில் இருந்தவர். இறக்கையின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போவார்; ஓரிடத்தில் கை நிற்கும். நாங்கள் அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஒட்டு விட்டிருக்கும். காரணத்தை இரண்டு முறை கேட்கும் வழக்கமும், பாராட்டும் வழக்கமும் அவரிடம் இல்லை.

அறுபதுகளின் பின்பகுதியில் அவருடைய நண்பர் ஒருவர் வெளிநாட்டில் இருந்து ஒரு ரேடியோ செட் கொண்டுவந்து கொடுத்தார். அதன் கூடவே ஒரு சின்னப் புத்தகம்: ரேடியோ விமானங்களில் வித்தைப் போட்டி நடத்துவதற்கான விதிகள். எந்த வித்தைக்குப் பின் எந்த வித்தை, எதற்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று படங்களோடு இருந்தது. கிருபாகரன் சார் அதற்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, ஒரு வாரம் வீட்டில் வைத்துப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இதைக் கத்துக்க முடியுமா?"

"யாரு சார் சொல்லிக் கொடுப்பாங்க?"

"யாரும் இல்லை. நீங்க பறக்கவிடுங்க. நான் உட்கார்ந்து மார்க் போடறேன்."

அந்த செட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்; இன்றைய மாணவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். விமானத்துக்குள் வைக்கும் ரிசீவரில், ஹார்மோனியத்துக்குள் இருப்பதுபோல, மெல்லிய எஃகுத் தகடுகள் வரிசையாக இருக்கும். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரும்புப் பெட்டியில் ஒரு விசையைத் தள்ளினால் ஒரு சுரம் காற்றில் போகும். அந்தச் சுரத்துக்கு உரிய தகடு மட்டும் அதிர்ந்து அதற்குரிய வேலையை முடுக்கும். விசைக்கு இரண்டே நிலைதான். தள்ளினால் முழுத் திருப்பம், விட்டால் ஒன்றுமில்லை. கொஞ்சமாகத் திருப்பு என்று அதனிடம் சொல்ல வழியே கிடையாது. அதனால் தட்ட வேண்டும். தட்டி விடு, தட்டி விடு. தட்டல்களின் நெருக்கத்தில்தான் கொஞ்சமும் அதிகமும் இருந்தன.

ஒரு லூப், அதாவது செங்குத்தான வட்டம், போட வேண்டுமென்றால், கீழிருந்து ஏறும்போது நெருக்கமாகத் தட்ட வேண்டும். உச்சியில் விமானத்துக்கு வேகம் குறைந்திருக்கும். அங்கே இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும், இல்லையென்றால் வட்டத்தின் தலை நசுங்கிப் போகும். இறங்கும்போது மறுபடி நெருக்கம். இதைப் பெருவிரலுக்குப் பழக்க எனக்கு இரண்டு கோடைகள் ஆயின. டவுன் பஸ்ஸில் போகும்போதுகூட சாப்பாட்டு டப்பாவின் மேல் தட்டிக்கொண்டே போவேன்.

"என்னா சார், தாளம் மட்டும் வருது, பாட்டக் காணோம்?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார்.

"பாட்டு தாமல் ஏரியில சார்" என்று பின் சீட்டில் இருந்து பதில் சொன்னவர் முனிரத்தினம்.

முனிரத்தினம் எங்கள் கல்லூரியின் பௌதிக ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். என் வயது. வீட்டில் தெலுங்கு பேசும் பட்டு வியாபாரக் குடும்பம். ஊரில் அவர்களுக்கு ஒரு ஜவுளிக் கடை உண்டு. சம்பளத்துக்காக வேலைக்கு வந்தவர் அல்ல, கடையில் உட்காரப் பிடிக்காமல் வந்தவர். ரேடியோ செட் வந்த அன்று பார்க்க வந்தார், அதன்பின் போகவே இல்லை. இறக்கைகளை மூட அவர்தான் சாயம் ஏற்றாத மிக மெல்லிய பட்டுத் துணி கொண்டுவருவார். சேலைப் பட்டு இதற்கு உதவாது, கனம். அவர் கொண்டுவருவது கைக்குட்டையைவிட லேசாக இருக்கும். அதை நனைத்து, மரச் சட்டத்தின் மேல் இழுத்து ஒட்டி, வார்னிஷ் போன்ற ஒரு திரவத்தைப் பூசினால், காயக் காய மேளத் தோல்போல் இறுகும். வாழைப்பழ வாடை வரும். என் அம்மா பட்டு உடுத்தாதவர், பட்டுப் பூச்சியைக் கொல்லும் பாவம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பவர். அதனால் அந்த வேலை முழுவதும் கல்லூரியிலேயே நடந்தது.

பறக்கவிட இடம் தாமல் ஏரி. சித்திரையில் ஏரி வற்றித் தரை வெடித்துக் கிடக்கும். ஓரமாக ஒரு பகுதியை மண்வெட்டியால் சமன்செய்து ஓடுதளம் ஆக்கினோம். கடற்காற்று கிளம்புவதற்கு முன் காலையிலேயே முடித்துவிட வேண்டும். கிருபாகரன் சாரின் ஜீப்பில் விமானம் பின்னால் எங்கள் மடியில் படுத்துக்கொண்டு வரும்.

அங்கே அவர் செய்த ஏற்பாட்டை நான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருந்தது. ஒரு இரும்பு மடக்கு நாற்காலி. அதன் நான்கு கால்களும் எப்போதும் ஒரே இடத்தில் நிற்க நான்கு செங்கற்கள் பதித்தார். நாற்காலிக்கு முன்னால் இரண்டு சவுக்குக் கம்புகளை அகலமாக நட்டு, அவற்றுக்கு இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டினார். நூல் முனிரத்தினம் கொடுத்தது, சிவப்புப் பட்டு இழை, வானத்தின் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால், தூரத்தில் மட்டமாகப் பறக்கும் விமானம் அந்த நூலின் மேல் ஊர்ந்து போவதுபோல் தெரிய வேண்டும். லூப் நூலில் தொடங்கி, நூலில் முடிய வேண்டும். தலைகீழாகப் பறந்தால் நூலின் மேலேயே தலைகீழாகப் பறக்க வேண்டும். அரை முழம் இறங்கினாலும் நூல் காட்டிக்கொடுத்துவிடும். விமானங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர் செய்யக்கூடிய ஏற்பாடுதான் அது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நானும் அந்த மாதிரி ஆள்தான்.

ஒவ்வொரு வித்தையும் முடிந்ததும் பத்துக்கு இத்தனை என்று ஒரு எண், ஒரு வாக்கியம்.

"அஞ்சு. முட்டை."

"நாலு. வெளியே வர்றப்போ நூலுக்குக் கீழே."

"அஞ்சரை. ரெண்டாவது வட்டம் முதல் வட்டத்து மேல உட்காரலை."

ஆறுக்கு மேல் அவர் எனக்குப் போட்டதில்லை.

ஆரம்பத்தில் விமானங்கள் உடைந்தன. நம்மை நோக்கி வரும் விமானத்துக்கு இடம் வலம் மாறிவிடும். தாழ்ந்த இறக்கையின் பக்கமாக விசையைத் தள்ளு என்று நாங்களே ஒரு விதி கண்டுபிடித்தோம். தலைகீழாகப் பறப்பதற்கு விதி உதவவில்லை. ஏறு என்று தள்ளினால் இறங்கும். தெரிந்திருந்தும், பயம் வந்த கணத்தில் விரல் பழைய பக்கமே போகும். அப்படி ஒன்று ஏரியின் நடுவில் இன்னும் காயாத சேற்றில் மூக்கு முழுவதும் இறங்கிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கைகளால் தோண்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா நயினாரே, ஏரியில கெணறு வெட்டறதுக்கு கான்ட்ராக்ட் எடுத்துக்கினியா?" என்றார் முனிரத்தினம். ஜைனர்களை எங்கள் பக்கம் நயினார் என்றுதான் அழைப்பார்கள்.

"எஞ்சினைப் பிடி. இழுக்காத, ஆட்டி எடு."

"தண்ணி வந்தா சொல்லு. ஊர்க்காரங்களக் கூப்புடறேன்."

அவரும் சில முறை அந்த விசைகளைப் பழகிப் பார்த்தார். பொறுமை இல்லை. "சாலு, சாலு" என்று தெலுங்கில் போதும் சொல்லிவிட்டுப் பெட்டியை என் கழுத்தில் மாட்டிவிடுவார். பதிலாக அவர் காலர், அதாவது வித்தைகளை அறிவிப்பவர், ஆனார். பறக்கவிடுபவன் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. பின்னால் ஒருவர் நின்று அடுத்த வித்தை எது என்று சொல்ல வேண்டும். காற்று எந்தப் பக்கம், சூரியன் எந்தப் பக்கம், பருந்து ஏதாவது சுற்றுகிறதா என்று சொல்ல வேண்டும். நீதிபதிகளுக்குக் கேட்கும்படி தொடக்கத்தில் "நவ்" என்றும் முடிவில் "கம்ப்ளீட்" என்றும் கத்த வேண்டும். ஆண்டுக்கணக்காக அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லா வித்தைகளையும் வாயால் பறந்தார். என் மூச்சு வேகமானால் உடனே, "ஒண்ணும் அவசரம் இல்லப்பா, ஒரு சுத்து சும்மா வா" என்பார்.

எழுபதுகளின் நடுவில் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் வந்தன. வடக்கே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் அகில இந்திய அளவில் வித்தைப் போட்டி நடக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. புத்தகத்தில் இருந்த அதே வரிசை. கூடவே அரசாங்கத்தில் இருந்து பிரிவுக்கு ஒரு புது ரேடியோ செட் வந்தது. இதில் விசைகள் இல்லை, இரண்டு குச்சிகள். குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ விமானமும் அவ்வளவே திரும்பும். கொஞ்சம் என்றால் கொஞ்சம். நான் இத்தனை ஆண்டுகளாகத் தட்டித் தட்டிச் செய்ததை அது சும்மா செய்யும்.

எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு ஏரியில் அதைக் கையில் எடுத்தேன்.

விரல் தட்டியது. குச்சியைப் பிடித்து மெல்லச் சாய்த்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெருவிரல் தானாகவே தட்டி விட்டது, தட்டி விட்டது. ஒவ்வொரு தட்டலையும் புது செட் அப்படியே விமானத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. லூப் ஏறும்போது விமானம் உடம்பு முழுவதும் குலுங்கியது.

"மூணு" என்றார் கிருபாகரன் சார். "விமானத்துக்கு விக்கல்."

குச்சியை இரண்டு விரல்களால் கிள்ளிப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரலில் துணி சுற்றிப் பார்த்தேன். எஞ்சின் இல்லாமல், வீட்டில் உட்கார்ந்து, வெறும் குச்சியை மெதுவாக நகர்த்திப் பழகினேன். வீட்டில் சரியாக இருக்கும். விமானம் மேலே போய், உச்சியில் வேகம் குறைந்து, ஒரு கணம் தயங்கும்போது விரல் தட்டும். மனதுக்குத் தெரியாமல் கை கற்றுக்கொண்டதை மனது சொல்லி மாற்ற முடியவில்லை.

செட்டில்தான் ஏதோ கோளாறு என்று எனக்கு ஒரு சந்தேகம், அல்லது ஆசை. முனிரத்தினத்திடம் கொடுத்து, "நீ ஒரு லூப் போட்டுப் பாரு" என்றேன்.

"ஒடஞ்சா என்னக் கேக்கக் கூடாது."

"கேக்கல."

அவர் வாய்க்குள் தானே "நவ்" என்று சொல்லிக்கொண்டார். விமானம் நூலின் மேல் வந்து, ஏறி, உச்சியில் ஒரு பூவைத் திருப்புவதுபோல் திரும்பி, இறங்கி வந்தது. குலுங்கவில்லை. அவர் கற்றது என் விரலால் அல்ல, என் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணால்; அவர் கைக்கு மறக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

கிருபாகரன் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "ஆறு" என்றார்.

நான் ஆண்டுக்கணக்கில் அரிதாகத் தொட்ட எண் அது. முனிரத்தினத்துக்கே சங்கடமாகிவிட்டது. "காத்து நல்லாருந்துச்சு சார்" என்றார்.

மறுநாள் கிருபாகரன் சார் என்னை அறைக்கு அழைத்தார். மேசையில் போட்டிக்கான விண்ணப்பம் இருந்தது.

"ஒரு பிரிவுல இருந்து ரெண்டு பேர் போகலாம். புது செட்ல முனிரத்தினம். பழைய செட்ல நீங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் காலர். பேர் எழுதட்டுமா?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

அன்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் முனிரத்தினம் என்னைவிட்டு நகரவில்லை.

"இதுல யோசிக்க இன்னாப்பா இருக்குது? ஆறு வருசமாத் தட்டிக்கினு கெடக்கிற. அங்க வந்து ஒரு தரம் தட்டு."

"நாலும் அஞ்சும் வாங்கறவன் அங்க போய் நிக்கக் கூடாது."

"யாரு சொன்னது நாலு அஞ்சுன்னு?"

"சார் சொன்னாரு. நூல்ல பாத்து சொன்னாரு."

"அந்தாளு சொல்றது எங்க கடையில மொதல்ல சொல்ற வெல மாதிரிப்பா. வர்றவங்க எவனும் அத நம்பமாட்டான். நீ ஒருத்தன்தான் அப்படியே எடுத்துக்கினு வூட்டுக்குப் போற."

நான் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதை ஏற்கவில்லை. வியாபாரி வீட்டுப் பிள்ளை அப்படித்தான் பேசுவார் என்று நினைத்தேன். கிருபாகரன் சார் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்கிறவர் அல்ல என்பது எனக்குத் தெரியும். அது உண்மையும்கூட.

வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் கோடையில் பழைய செட்டில் ஒவ்வொரு வித்தைக்கும் எனக்குக் கிடைத்த எண்களை டைரியில் இருந்து எடுத்துச் சராசரி போட்டேன். ஐந்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. பத்துக்கு ஐந்தைக்கூட எட்டாதவன், தேசத்தின் எல்லா மூலைகளில் இருந்தும் வருகிறவர்கள் நடுவில், காலம் போன ஒரு இரும்புப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

"போயிட்டுத்தான் வாங்களேன்" என்றார் என் மனைவி. "தோத்தா என்ன, அந்த ஊர்ல நம்மள யாருக்குத் தெரியும்?"

"சாருக்குத் தெரியும். அவர் பக்கத்துல நிக்கணும்."

மறுநாள் காலை, "வேண்டாம் சார். நான் காலரா வர்றேன்" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். காரணம் கேட்பார் என்று நினைத்தேன். "சரி" என்று சொல்லி முனிரத்தினத்தின் பெயரை மட்டும் எழுதினார்.

பழைய செட்டைத் துணியில் சுற்றிப் பயிற்சி அறை அலமாரியில் வைத்துவிட்டு, ஐப்பசியில் மூவரும் ரயிலேறினோம்.

போட்டி இடத்தில் முதல் நாள் காலை, நீதிபதிகளில் ஒருவர் வரவில்லை. விதிப் புத்தகத்தை முழுதும் படித்தவர் என்பதால் கிருபாகரன் சாரை உட்காரச் சொன்னார்கள். எங்கள் விமானம் பறக்கும்போது மட்டும் அவர் எழுந்துவிட வேண்டும். ஒவ்வொரு நீதிபதிக்கும் அருகில் மதிப்பெண் எழுத ஒரு ஆள் வேண்டும். முனிரத்தினத்தின் முறை வரும்வரை நான் அவர் அருகில் அட்டையோடு உட்கார்ந்தேன்.

அங்கே கம்புகள் இல்லை, நூல் இல்லை. நீதிபதிகள் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்தார்கள்.

முதலில் வந்தவர் பெரிய ஊர் ஒன்றின் கிளப்பைச் சேர்ந்தவர், நல்ல கருவிகள். லூப் போட்டார். தலை சற்று நசுங்கிய வட்டம். வெளியே வரும்போது இறங்கிவிட்டது. கிருபாகரன் சார், "நாலரை" என்றார். எழுதினேன். ரோலுக்கு, அதாவது நீளவாக்கில் ஒரு முறை உருளும் வித்தைக்கு, "அஞ்சு". எழுதினேன். சுற்று முடிந்ததும் தலைமை நீதிபதி அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். மற்ற இரண்டு நீதிபதிகளும் அதே லூப்புக்கு ஏழரையும் எட்டும் போட்டிருந்தார்கள். அவர் மிகவும் மரியாதையாக, ஆங்கிலத்தில், இந்தக் கணக்கில் போனால் இங்கே யாருக்கும் ஆறு வராது என்றார். இந்த நாட்டில் இதைவிட நல்ல லூப்பை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

கிருபாகரன் சார் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

அடுத்தவருக்கு அவர் ஏழு என்றார். அதற்கடுத்தவருக்கு ஏழரை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வித்தைக்கும் தாமல் ஏரியில் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று மனது தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. பென்சில் சரியாகத்தான் எழுதியது.

பிற்பகலில் வந்தவர் ரயில்வே பட்டறையில் இருந்து வந்த ஒரு பெரியவர். அவர் கழுத்தில் தொங்கியது இரும்புப் பெட்டி. இன்னும் பழைய செட் வைத்திருந்தவர் அந்த மைதானத்தில் அவர் ஒருவர்தான். விரல் தட்டுவதை உட்கார்ந்த இடத்தில் இருந்தே என்னால் பார்க்க முடிந்தது. உச்சியில் அவர் போதுமான இடைவெளி விடவில்லை, நான் விட்டிருப்பேன். தலைகீழ்ப் பறப்பில் அலை இருந்தது. என்னுடையதில் அவ்வளவு இருக்காது. இதை வீம்புக்குச் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகள் ஒரு நூலோடு ஒப்பிட்டு வாழ்ந்தவனுக்கு இது தெரியும். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் இறக்கியதும் கை தட்டினார்கள்.

"ஏழு" என்றார் கிருபாகரன் சார், மிக மெதுவாக. ஏழு என்று எழுதினேன். அந்தப் பெரியவர் நான்காவதாக வந்தார்.

முனிரத்தினம் நன்றாகவே பறக்கவிட்டார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று "நவ்" சொன்னேன், "கம்ப்ளீட்" சொன்னேன். மூன்று ரோல் போட வேண்டிய இடத்தில் அவருக்குச் சந்தோஷம் தாங்காமல் நான்காவதும் போட்டுவிட்டார். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஏழாவது இடம்.

"நாலாவது ரோல் ஏன்பா?" என்றேன்.

"நல்லா வந்துக்கினு இருந்துச்சு. நடுவுல எப்படி நிறுத்தறது?" என்றார். உண்மையிலேயே அவருக்கு வருத்தம் இல்லை. அவரை அதற்காகக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில், முனிரத்தினம் மேல் படுக்கையில் தூங்கிய பிறகு, கிருபாகரன் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு ஏன் வேண்டாம்னீங்க?"

அவர் ஒரு காரணத்தைப் பிறகு வந்து கேட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

"அஞ்சு கூட வரலை சார். சராசரி."

அவர் ஜன்னல் கதவை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "பத்துன்னா குறையே இல்லாததுன்னு புத்தகத்துல இருக்குது. குறை தெரிஞ்சா கழிக்கணும்னு இருக்குது. நூல் கட்டினா எல்லாக் குறையும் தெரியும். நான் வேற யாரையும் பார்த்ததில்லை, சாந்தகுமார். உங்களைப் பார்த்தேன், நூலைப் பார்த்தேன்."

"தெரியும் சார்."

"குறைச்சுப் போடணும்னு போடலை."

"தெரியும் சார்" என்றேன் மறுபடியும். அவர் பொய் சொல்லவில்லை, எனக்கு அநீதி செய்யவும் இல்லை. வேறு ஆள் பறக்கவிட்டுப் பார்த்திராத இரண்டு பேர், வற்றிய ஏரியில், ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு அந்நியன் அங்கே வந்து ஒரு சுமாரான லூப் போட்டிருந்தால் போதும். யாரும் வரவில்லை.

நாங்கள் ஊர் திரும்பியபோது மழை பிடித்து ஏரியில் தண்ணீர் ஏறியிருந்தது. தையில் முனிரத்தினத்தின் அப்பா படுக்கையில் விழுந்தார். முனிரத்தினம் வேலையை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். அடுத்த போட்டிக்கான விதிகள் வந்தன. மேல் கீழும் இடம் வலமும் ஒரே நேரத்தில் அளந்து திருப்ப வேண்டிய புது வித்தைகளைச் சேர்த்திருந்தார்கள். பழைய செட்டால் அவற்றைச் செய்யவே முடியாது. என் விரல் கடைசி வரை புது செட்டுக்குப் பழகவில்லை. மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன், நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் போட்டியில் கலந்துகொள்ள எனக்கு வேறு வாய்ப்பு வரவில்லை.

அந்தச் சித்திரையில் கிருபாகரன் சார் பதவியில் இருந்து விலகுவதாக இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு, "பழைய செட்டை எடுத்துட்டு வாங்க" என்றார். இருவர் மட்டும் தாமலுக்குப் போனோம். செங்கற்கள் காய்ந்த சேற்றில் புதைந்திருந்தன. அவர் கம்புகளை ஜீப்பில் இருந்து இறக்கவில்லை. நாற்காலியை வெறும் தரையில் விரித்து உட்கார்ந்தார்.

காலர் இல்லை, எனவே நானே சொல்லிக்கொண்டு முழு வரிசையையும் பறக்கவிட்டேன். விரலுக்குத் தன் இடம் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் நாற்காலியில் இருந்து எண் வந்தது. இந்த முறை வாக்கியம் இல்லை. ஏழு. ஏழரை. ஏழு. தலைகீழ்ப் பறப்புக்கு எட்டு. கடைசி லூப்புக்கு எட்டரை. நான் இறக்கினேன்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் இறங்கி வந்தார்.

"போட்டியா சார்? யாரு கெலிச்சது?"

கிருபாகரன் சார் என் பக்கம் கையைக் காட்டினார். "இவரு."

"தோத்தவங்க கெளம்பிட்டாங்களா?" என்று அவர் ஏரியைச் சுற்றிலும் பார்த்தார்.

சார் நாற்காலியை மடக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். நான் தரையில் உட்கார்ந்து, டாங்கில் மீந்த எரிபொருளைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். பிறகு எஞ்சினுக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டு, அது உள்ளே எல்லா இடத்துக்கும் பரவும்வரை விசிறியைக் கையால் மெல்லச் சுற்றினேன். வெகுநாள் ஓடப்போகாத எஞ்சினுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும்.